லெப்டொப் ஏற்கிற கடவுச்சொல்லைக் கம்பனி ஏன் மறுக்கிறது? கல்முனை வாசகிக்குப் பதில்

கல்முனைப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். ஆளும் கம்பனியும் அடையாளம் தெரியாதபடி கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

கொழும்பிலுள்ள ஒரு கம்பனிக்குக் கணக்கு வேலை செய்கிறார். கைக்குழந்தை இருப்பதால் கம்பனி கொடுத்த லெப்டொப்பில், கம்பனியின் வலைப்பின்னலோடு இணையம் வழியாகப் பாதுகாப்பாக இணைக்கும் வி.பி.என். மூலம், வீட்டிலிருந்தே வேலை. பெருநாளுக்கு 10 நாள் லீவு எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை காலை உட்கார்ந்தால், லெப்டொப் வழக்கம்போலத் திறக்கிறது; வி.பி.என். மட்டும் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பிழை என்று 691ஆம் இலக்கத்தைக் காட்டுகிறது. ரவுட்டரை நிற்பாட்டிப் போட்டுப் பார்த்தார், போன் ஹொட்ஸ்பொட்டிலும் முயன்றார், பலனில்லை. கம்பனியின் உதவி மேசை மூன்று தடவை தற்காலிகக் கடவுச்சொல் கொடுத்தது. மூன்றும் அதே 691. கடைசியில் “லெப்டொப்பைக் கொழும்புக்குக் கொண்டுவாங்க” என்று விட்டார்கள். ஊரில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் காக்கா போமட் அடிக்கச் சொல்கிறார். கூட வேலை செய்யும் தோழி தன்னுடைய பெயரையும் கடவுச்சொல்லையும் தருகிறேன் என்கிறார். மேலதிகாரியோ இந்த மூன்று நாளும் சம்பளமில்லா லீவு என்கிறார். “பிள்ளையையும் தூக்கிக்கொண்டு இரவு பஸ் ஏற ஏலாது. யாரும் என் கணக்கை ஹக் பண்ணிவிட்டார்களா? முன்னறிவித்தல் ஒன்றுமே வரவில்லையே?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

சகோதரி, நீங்கள் எழுதியதில் ஹக் பண்ணியதற்கு அடையாளம் எதுவுமில்லை. லீவு நாட்களில் உங்கள் கடவுச்சொல்லின் தவணை முடிந்திருக்கிறது. கொழும்புக்கும் போகத் தேவையில்லை, பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பில் முடியும் வேலை. ஆனால் அந்த அழைப்பில் எதைக் கேட்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்று தடவை மாற்றிக் கொடுத்தும் சரிவராததற்கும் அதுதான் காரணம்.

முதலில் இணைய இணைப்பை விட்டுவிடுங்கள். லைன் பழுதென்றால் சேவரைக் காணவில்லை என்றோ, நேரம் கடந்துவிட்டது என்றோ வரும். “கடவுச்சொல் பிழை” என்ற பதில் வர வேண்டுமென்றால், நீங்கள் அனுப்பியது கொழும்பு வரை போய், அங்கே ஒரு சேவர் அதைப் பார்த்து, வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். போன் ஹொட்ஸ்பொட்டிலும் அதே பதில் வந்ததோடு ரவுட்டர் குற்றவாளி இல்லை என்பது உறுதி.

ஒரு கடவுச்சொல், மூன்று இடம்

லெப்டொப் பழைய கடவுச்சொல்லை ஏற்பதால் அது இன்னும் செல்லும் என்று நினைத்திருக்கிறீர்கள். அங்கேதான் குழப்பம். உங்கள் கடவுச்சொல் மூன்று இடத்தில் இருக்கிறது. உண்மையானது கொழும்பில், பணியாளர் கணக்குகளை வைத்திருக்கும் டொமைன் சேவரில் (டொமைன் என்பது கம்பனியின் கணக்குகளையும் கணனிகளையும் ஒன்றாக நிர்வகிக்கும் அமைப்பு). இரண்டாவது உங்கள் லெப்டொப்புக்குள். வீட்டில் வைத்துத் திறக்கும்போது கொழும்பைக் கேட்க வழியில்லாததால், கடைசியாகக் கொழும்போடு பேசியபோது சரியாக இருந்த கடவுச்சொல்லிலிருந்து கணித்தெடுத்த சுருக்கத்தை விண்டோஸ் சேமித்து வைத்து, அதோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திறக்கிறது. அந்தச் சேமிப்புக்குத் தவணை கிடையாது. கொழும்பில் காலாவதியானாலும், மாற்றப்பட்டாலும் அதற்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்தும் பழையதை ஏற்கும். மூன்றாவது இடம், நீங்கள் “நினைவில் வை” என்று எப்போதோ அழுத்திய இடங்கள்: வி.பி.என். செயலி, போனிலுள்ள அலுவலக மெயில், விண்டோஸின் சேமிப்புப் பெட்டகம். இவற்றை நீங்கள் மறந்திருப்பீர்கள், அவை உங்களை மறக்கவில்லை.

முன்னறிவித்தல் வராததற்கும் இதே காரணம்தான். வழக்கமான அமைப்பில், தவணை முடிய 5 நாள் இருக்கும்போது விண்டோஸ் எச்சரிக்கத் தொடங்கும். ஆனால் நுழையும் நேரத்தில் டொமைன் சேவரோடு பேசினால்தான் அதற்குத் தவணைத் திகதி தெரியும். வீட்டிலிருப்பவர் முதலில் லெப்டொப்பைத் திறந்து, பிறகுதான் வி.பி.என். போடுகிறார். எனவே எச்சரிக்கை பெரும்பாலும் கண்ணில் படாமலே போய்விடும். உங்களுக்கோ அந்த ஐந்து நாளும் லீவுக்குள் விழுந்திருக்கலாம். இதில் உங்கள் கவனக்குறைவு என்று சொல்ல ஒன்றுமில்லை. தொலைவிலிருந்து வேலை செய்பவருக்கு மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ முன்கூட்டிச் சொல்வது கம்பனியின் பொறுப்பு.

மூன்று தற்காலிகக் கடவுச்சொல்லும் ஏன் தோற்றன?

உதவி மேசைக்காரர் ஒரு கணக்கின் கடவுச்சொல்லை மாற்றும் சிறு பெட்டியில், “அடுத்த முறை நுழையும்போது பயனர் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்” என்று ஒரு கட்டம் இருக்கும். பாதுகாப்புக்காக அதில் சரி அடையாளம் போட்டே கொடுப்பார்கள். அலுவலகத்தில் இருப்பவருக்கு அது நல்ல பழக்கம்: தற்காலிகமானதைப் போட்டவுடன் திரை புதியதைக் கேட்கும், மாற்றிக்கொண்டு உள்ளே போவார். வெளியே இருப்பவருக்கு அது பொறி. அந்த அடையாளம் போட்ட கடவுச்சொல்லை டொமைன் சேவர் காலாவதியானதைப் போலவே நடத்தும். “மாற்றிவிட்டு வா” என்கிறது. மாற்றும் திரையைக் காட்ட உங்கள் வி.பி.என். செயலிக்குத் தெரியாது. அது தெரிந்த ஒரே வசனமான 691ஐச் சொல்லிவிடுகிறது. திறப்பை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாசற்கதவைப் பூட்டிய கதை. முப்பது தடவை மாற்றிக் கொடுத்தாலும் இதே பதில்தான் வரும்.

691 ஒரு பொதுப்பெயர் என்பதையும் கவனியுங்கள். எழுத்துப் பிழை, தவணை முடிந்தது, கணக்குப் பூட்டப்பட்டது, எல்லாவற்றுக்கும் அதே இலக்கம் வரலாம். விண்டோஸின் வி.பி.என்.னில் தவணை முடிந்ததற்கென்றே 648 என்ற தனி இலக்கம் உண்டு, ஆனால் இடையிலுள்ள சேவர்கள் காரணத்தைச் சொல்லாமல் விழுங்கிவிட்டால் அது உங்கள் திரைக்கு வராது. ஆகவே காரணத்தை உங்கள் திரையில் தேடாதீர்கள். அது டொமைன் சேவரின் பதிவேட்டில் இருக்கிறது: தோற்ற நுழைவுகள் 4625, 4771 என்ற இலக்கங்களிலும், பூட்டப்பட்ட கணக்கு 4740 இலும். 4740 பதிவில், எந்தக் கருவியிலிருந்து வந்த முயற்சி கணக்கைப் பூட்டியது என்ற பெயரும் இருக்கும். நீங்கள் முயன்ற நேரத்தை நிமிடக் கணக்கில் சொன்னால் அவர்கள் தேடிப் பிடிக்கலாம். “காலையில் இருந்து வரல்ல” என்றால் யாராலும் ஒன்றும் தேட முடியாது.

நாளை செய்ய வேண்டியது

உதவி மேசைக்கு இப்படி எழுதி அனுப்பிவிட்டு, பிறகு அழையுங்கள்:

“நான் அலுவலகத்துக்கு வெளியே இருக்கிறேன். எனது வி.பி.என். செயலியில் கடவுச்சொல்லை மாற்றும் வசதி இல்லை. தயவுசெய்து, ஒன்று, கணக்குப் பூட்டப்பட்டிருந்தால் திறந்துவிடுங்கள். இரண்டு, அடுத்த நுழைவில் மாற்ற வேண்டும் என்ற அடையாளம் இல்லாமல் ஒரு தற்காலிகக் கடவுச்சொல் தாருங்கள். மூன்று, நான் வி.பி.என்.னில் இணைந்ததும் சொல்கிறேன், அப்போது அந்த அடையாளத்தைப் போடுங்கள்.”

மூன்றாவது வரி வேண்டாத அலங்காரம் அல்ல. பல கம்பனிகளில் ஒரு கடவுச்சொல்லைக் குறைந்தது 1 நாளாவது வைத்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கும். விண்டோஸ் டொமைனில் ஆரம்பத்திலிருந்தே உள்ள அளவும் அதுதான். அதிகபட்சம் 42 நாள், கடைசி 24 கடவுச்சொற்களைத் திரும்பப் போட முடியாது என்பவையும் அதே ஆரம்ப விதிகளில் உண்டு. உதவி மேசை இன்று காலை மாற்றிக் கொடுத்ததை நீங்கள் இன்று காலையே மாற்றப் போனால், புதியது நீளமும் சிக்கலும் போதாது என்பது போல ஒரு செய்தி வந்து தடுக்கும். எவ்வளவு சிக்கலாக எழுதினாலும் தடுக்கும், ஏனென்றால் குறை நாளில் இருக்கிறது, எழுத்தில் இல்லை. வி.பி.என். இணைந்த பிறகு அந்த அடையாளத்தைப் போட்டால் இந்த ஒருநாள் விதி விலகிவிடும். ஏற்கெனவே இணைந்திருக்கும் இணைப்பு அதனால் அறுந்துபோகாது. அவர்கள் அதற்கு உடன்படாவிட்டால், தற்காலிகமானதையே வைத்து வேலையைப் பார்த்துவிட்டு மறுநாள் மாற்றுங்கள்.

இனி லெப்டொப்பில். பழைய கடவுச்சொல்லால் வழக்கம்போலத் திறக்கவும். வி.பி.என். செயலியில் சேமித்து வைத்திருப்பதை அழித்துவிட்டுத் தற்காலிகமானதைக் கையால் தட்டவும். இணைந்ததும் உதவி மேசைக்குச் சொல்லுங்கள். அவர்கள் அடையாளம் போட்டபின் கொன்ட்ரோல், ஓல்ட், டிலீட் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் வரும் திரையில் கடவுச்சொல்லை மாற்றும் வரி இருக்கும். பழையது என்ற பெட்டியில் லெப்டொப்பைத் திறந்ததைப் போடாதீர்கள். அங்கே வேண்டியது உதவி மேசை தந்த தற்காலிகமானது. கீழே புதியதை இரண்டு தடவை.

மாறிவிட்டது என்று வந்ததும் பலர் எழுந்து போய்விடுவார்கள். இன்னும் ஒரு படி இருக்கிறது. வி.பி.என்.னைத் துண்டிக்காமல், விண்டோஸ் பட்டனையும் எல் எழுத்தையும் அழுத்தித் திரையைப் பூட்டி, புதிய கடவுச்சொல்லால் திறவுங்கள். இப்போதுதான் லெப்டொப் கொழும்பைக் கேட்டுத் தன் சேமிப்பைப் புதுப்பிக்கும். இதைச் செய்யாமல் மூடிவிட்டால், நாளைக்கு லெப்டொப்புக்கு ஒன்று, வி.பி.என்.னுக்கு வேறொன்று என்று இரண்டு கடவுச்சொல்லோடு நிற்க நேரலாம்.

வேலை தொலைதூர டெஸ்க்டொப்பில், அதாவது அலுவலகக் கணனியின் திரையை உங்கள் லெப்டொப்பில் திறந்து, நடக்கிறதென்றால், அதற்குள் கொன்ட்ரோல், ஓல்ட், டிலீட் உங்கள் சொந்த லெப்டொப்பையே பிடிக்கும். உள்ளே இருக்கும் கணனிக்கு அனுப்ப டிலீட்டுக்குப் பதிலாக என்ட் பட்டன். தவணை முடிந்த கடவுச்சொல்லோடு அதில் நுழையப் பார்த்தால், உள்ளகப் பாதுகாப்பு அதிகாரத்தைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று பயமுறுத்தும் ஒரு செய்தி வரும். அதன் கடைசி வரியில் கடவுச்சொல் காலாவதியாகி இருக்கலாம் என்று சின்னதாக எழுதியிருக்கும். அந்தக் கடைசி வரியை மட்டும் வாசித்தால் போதும்.

இன்னொரு வழி, உங்கள் கம்பனி மைக்ரோசொப்ட் மெயில் பாவித்து, சுயமாகக் கடவுச்சொல் மாற்றும் பக்கத்தையும் திறந்து விட்டிருந்தால், போனிலேயே மாற்றலாம். ஆனால் அங்கே உங்கள் கைத்தொலைபேசி இலக்கம் போன்ற ஒன்று முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும். அங்கே மாற்றுவது கொழும்புச் சேவருக்கும் போய்ச் சேரும்படி அமைத்திருக்கவும் வேண்டும். இரண்டையும் உதவி மேசையிடம் கேளுங்கள்.

இன்னும் சரிவராவிட்டால்

முதலில் விசைப்பலகையைப் பாருங்கள். நம் ஆட்களின் லெப்டொப்பில் ஆங்கிலத்தோடு ரெங்கநாதன் விசைப்பலகையும் இருக்கும். கடவுச்சொல் பெட்டியில் புள்ளிதானே தெரிகிறது, தமிழில் தட்டினாலும் தெரியாது. வலது கீழ்மூலையில் மொழிக்குறியைப் பார்த்து, விண்டோஸ் பட்டனோடு இடைவெளிப் பட்டனை அழுத்தி மாற்றுங்கள். பெட்டியின் ஓரத்தில் கண் படம் இருந்தால் அதை அழுத்தினால் எழுத்து தெரியும். தொலைபேசியில் சொல்லப்பட்ட கடவுச்சொல்லில் பூச்சியமும் ஓ எழுத்தும், ஒன்றும் எல் எழுத்தும் இடம்மாறுவது தினமும் நடக்கிற கூத்து.

அடுத்தது போன். நேற்றுவரை இருந்த கடவுச்சொல்லை உங்கள் போன் மெயில் திரும்பத் திரும்ப அனுப்பினாலும், விண்டோஸ் டொமைன் சேவர் அதைப் பிழைக் கணக்கில் சேர்க்காது. கடைசி இரண்டு பழையவற்றுக்கு அப்படி ஒரு சலுகை உண்டு. உங்களுக்கோ மூன்று தடவை மாற்றிவிட்டார்கள். பெருநாளுக்கு முன்பிருந்தது இப்போது அந்த இரண்டுக்குள் இல்லை. போன் ஒவ்வொரு முறை அதை அனுப்பும்போதும் ஒரு பிழை ஏறும், வரம்பைத் தொட்டதும் கணக்கு பூட்டிக்கொள்ளும். 30 நிமிடம் பூட்டி வைப்பது பரவலான அமைப்பு. நீங்கள் சரியானதைத் தட்டினாலும் அந்த நேரம் 691தான். கொஞ்ச நேரம் வேலை செய்து திடீரென்று மறுக்கிறதென்றால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

போன் செயலி காட்டும் ஒருமுறைக் குறியீடும் கேட்கும் வி.பி.என். என்றால் போனின் நேரம் தானியங்கியாக இருக்கட்டும். அந்தக் குறியீடுகள் பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒருமுறை மாறுபவை, கடிகாரம் பிந்தினால் குறியீடும் பிந்தும்.

செய்யக் கூடாதவை

போமட் அடிப்பது நம் கடைகளில் பனடோல் மாதிரி, எதற்கும் கொடுப்பார்கள். இங்கே அது நோயாளியையே கொன்றுவிடும். கம்பனி லெப்டொப் டொமைனில் சேர்க்கப்பட்டது. விண்டோஸைப் புதிதாகப் போட்டால் அந்தச் சேர்க்கையும், பழைய கடவுச்சொல்லால் உள்ளே போகிற வழியும், வி.பி.என். அமைப்பும், சேவருக்கு ஏற்றாத உங்கள் கோப்புகளும் ஒன்றாகப் போய்விடும். அப்போது கொழும்புக்குப் போவதைத் தவிர வேறு வழியிருக்காது. கடைக்காரரின் நல்லெண்ணத்தில் குறையில்லை, அவர் பார்க்கிற வீட்டுக் கணனிகளில் டொமைன் என்பது இருப்பதில்லை.

தோழியின் கடவுச்சொல் வேண்டாம், சகோதரி. அவர் மனதார உதவுகிறார், ஆனால் அன்றைய ஒவ்வொரு கணக்குப் பதிவும் அவர் பெயரில் விழும். ஒரு தொகை பிழைத்தால் செய்தது யார் என்று அவரும் நிரூபிக்க முடியாது, நீங்களும் நிரூபிக்க முடியாது. அனுமதியின்றிக் கணனிக்குள் நுழைவதை 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. தோழி தந்தது கம்பனி தந்த அனுமதி ஆகாது. வழக்குவரை போகாவிட்டாலும், இரண்டு பேரின் வேலைக்கும் ஒழுக்காற்று விசாரணை வரப் போதுமான காரணம் அது.

இந்தக் குழப்பத்துக்குள் “உங்கள் கடவுச்சொல் இன்று முடிகிறது, இங்கே அழுத்துங்கள்” என்று மெயில் வந்தால் அழுத்தாதீர்கள். திருடர்கள் அதிகம் பாவிக்கும் தூண்டில்களில் அது ஒன்று. ஐ.ரி. பிரிவிலிருந்து பேசுகிறேன் என்று யாரும் வட்ஸ்அப்பில் அழைத்தால் வைத்துவிட்டு, உங்களிடமுள்ள அலுவலக இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள். உண்மையான உதவி மேசைக்கு உங்கள் பழைய கடவுச்சொல்லோ ஒருமுறைக் குறியீடோ தேவைப்படாது.

கொழும்புப் பயணமும் சம்பளமும்

லெப்டொப்பைக் கொண்டுபோக வேண்டிய நிலை ஒன்று உண்டு: லெப்டொப் ஏற்கும் பழைய கடவுச்சொல்லையே நீங்கள் மறந்து, விண்டோஸுக்குள்ளேயே போக முடியாமல், நுழையும் திரையிலேயே வி.பி.என். போடும் வசதியும் அமைக்கப்படாமல் இருந்தால். நீங்கள் அந்த நிலையில் இல்லை. எனவே அந்தப் பழைய கடவுச்சொல்லைப் பத்திரமாக நினைவில் வையுங்கள், புதியதால் ஒருமுறை திறந்து பார்க்கும்வரை அதுதான் உங்கள் வாசல். நீண்ட நாள் அலுவலகத்துக்குப் போகாததால் லெப்டொப்பே டொமைனிலிருந்து கழன்றுவிடும் என்று யாரும் சொன்னால், அதுவும் சரியில்லை. கணனிக்கென்று 30 நாளுக்கொரு முறை மாறும் தனிக் கடவுச்சொல் இருக்கிறது, ஆனால் மாற்றத்தைத் தொடங்குவது கணனிதான். தொடர்பு கிடைக்கும்வரை அது காத்திருக்கும்.

சம்பளமில்லா லீவு பற்றி நான் வலைப்பின்னல்காரனாகத்தான் பேச முடியும். என் பார்வையில் உங்கள் கடிதத்திலேயே சான்று இருக்கிறது: மூன்று நாளும் நீங்கள் வேலைக்குத் தயாராக இருந்தீர்கள், மூன்று தடவை உதவி கேட்டீர்கள், கிடைத்த தீர்வு வெளியிலிருப்பவருக்குப் பொருந்தாத தீர்வு. உதவி மேசையின் முறைப்பாட்டு இலக்கங்கள், அழைத்த நேரங்கள், 691 காட்டும் ஸ்கிரீன்ஷொட் எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் வைத்து, லீவுக் கழிவை மீள்பரிசீலிக்கும்படி மனிதவளப் பிரிவுக்கு எழுதுங்கள். கோபமில்லாமல், திகதி வரிசையில். பதில் வராவிட்டால் தொழில் திணைக்களத்தின் உங்கள் பகுதி அலுவலகத்தில் கேட்கலாம். அதற்கும் இந்தக் காகிதங்கள்தான் வேண்டும்.

அதே மின்னஞ்சலில் ஐ.ரி. பிரிவுக்கும் இரண்டு வரி சேர்க்கலாம். வி.பி.என். சேவரிலேயே காலாவதியான கடவுச்சொல்லை மாற்ற அனுமதிப்பது சாத்தியம். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறைகளில், பாப் முறையில் முடியாது, எம்.எஸ். சாப் இரண்டாம் பதிப்பில் முடியும். வி.பி.என். சேவர் டொமைன் சேவரோடு பேசுவது எல்டாப் என்ற முறையில் என்றால் 389 போர்ட்டில் போகும் சாதாரண இணைப்பை விட்டு 636இல் போகும் மறைகுறி இணைப்புக்கு மாற வேண்டும். இன்னும் பெரிய கேள்வி, இப்படிக் காலத்தவணை வைத்து மாற்றத்தான் வேண்டுமா என்பது. மைக்ரோசொப்ட் தன் விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து இந்தத் தவணையை 2019இல் எடுத்துவிட்டது. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017இலேயே காரணமின்றி மாற்றக் கேட்க வேண்டாம் என்றது. அடிக்கடி மாற்றச் சொன்னால் ஆட்கள் கடைசி இலக்கத்தை மட்டும் ஒன்று கூட்டிப் போடுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஆனாலும் வாடிக்கையாளர் ஒப்பந்தமோ கணக்காய்வோ கேட்பதால் தவணை வைத்திருக்கும் கம்பனிகளும் உண்டு, அதை நீங்கள் தனியாக மாற்ற முடியாது. உங்கள் கையில் இருப்பது திகதி: வி.பி.என். இணைந்திருக்கும்போது கறுப்புக் கட்டளைத் திரையில் நெட் யூசர் என்ற கட்டளையோடு உங்கள் பயனர் பெயரும், சாய்கோடு போட்டு டொமைன் என்ற சொல்லும் கொடுத்தால் தவணை முடியும் நாள் ஒரு வரியில் வரும். அதற்கு ஒரு வாரம் முந்திய நாளைப் போன் நாட்காட்டியில் போடுங்கள். நீண்ட லீவுக்குள் விழுகிறதென்றால் லீவுக்கு முதல்நாளே மாற்றிவிடுங்கள்.

இன்றிரவு இன்னொரு தடவை முயல வேண்டாம், பிழைக் கணக்கு ஏறும். போனிலுள்ள அலுவலக மெயில் கணக்கை இப்போதே நீக்கிவிடுங்கள், புதிய கடவுச்சொல்லால் லெப்டொப் திறந்த பிறகு திரும்பச் சேர்க்கலாம். காலையில் உதவி மேசை திறந்ததும் முதல் ஆளாக அழையுங்கள், பக்கத்தில் லெப்டொப் திறந்தபடி இருக்கட்டும்.